கிணற்று நீரும் காரின் மினுக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கார் வைத்திருக்கும் உறவினரும் என்னிடம் முன்னர் படித்த பிள்ளைகளும் அண்மைக் காலமாக என்னைக் காணும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். விற்பனைக் கூடத்தில் நின்றபோது காரில் இருந்த மினுக்கத்தை வீட்டு முற்றத்தில் வைத்தே மீட்டுவிட முடியுமா, அல்லது கடையில் பெருந்தொகை கொடுத்து ஏதாவதொரு பூச்சுப் பூசுவிக்கத்தான் வேண்டுமா என்பதே அது. நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கார் கழுவுவது எனக்குத் தொழில் அன்று, சனிக்கிழமைக் காலைப் பொழுதுபோக்கு. ஆயினும் இருபது ஆண்டுகளாக இதைச் செய்தும், சில தடவை காரைப் பழுதாக்கியும் கற்றுக்கொண்டவற்றைத் தங்கள் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என எண்ணி இதனை எழுதுகிறேன். முடியும் என்பதே என் பதில். ஆனால், அதற்காகக் கடையில் வாங்க வேண்டியவை சில. நாம் கைவிட வேண்டிய பழக்கங்களோ பல. அவற்றிற் பாதி யாழ்ப்பாணத்துக்கே உரியவை.

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக எழுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கும் வரை, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், நாட்டில் ஏற்கெனவே இருந்த கார்களே கைமாறி ஓடின. அந்த இடைக்காலத்தில், 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் தெருவோர வெயிலில் வரிசையில் நின்ற கார்களின் கூரைகளைப் பார்த்தாலே அக்காலத்தின் கதை தெரியும். இன்று புதிதாக ஒன்றை இறக்குவதென்றால் விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே உள்ளதைப் பேணுவதே புத்தி என்ற முடிவுக்குப் பலரும் வந்திருக்கிறார்கள்.

முதலில், நாம் மினுக்க முற்படும் பொருள் எவ்வளவு மெல்லியது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இக்காலத்துக் கார்களில் நிறப்பூச்சின் மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று இருக்கிறது. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அந்தத் தெளிபூச்சுத்தான். அதன் தடிப்புப் பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன், அதாவது ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இக்கடிதத்தை வாசித்துக்கொண்டிருப்பவரின் கையிலுள்ள பத்திரிகைத் தாளே அதைவிடத் தடிப்பானது. மினுக்கம் மங்குவது பெரும்பாலும் பூச்சு அழிந்துபோவதால் அன்று. அதன் மேற்பரப்பில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஆயிரக்கணக்கான கீறல்கள் விழுந்து, ஒளி ஒரே திசையில் தெறிக்காமல் சிதறுவதாலேயே மங்குகிறது. காலை வெயிலில் கதவுப்பக்கம் நின்று சூரியனின் விம்பத்தைப் பாருங்கள். அதைச் சுற்றி வட்டம் வட்டமாகச் சிலந்திவலை பின்னியதுபோல் தெரிந்தால், அத்தனையும் கழுவும்போதும் துடைக்கும்போதும் நம் கையாலேயே கீறப்பட்டவை.

கீறுவது எது? புழுதிதான். வலிகாமத்துச் செம்மண்ணிலும் வடமராட்சிக் கரையோர வெண்மணலிலும் குவார்ட்சு என்னும் படிகக் கல் கலந்திருக்கிறது. அது கண்ணாடியையே கீறும் வன்மை உடையது. தெளிபூச்சு அதற்கு எம்மாத்திரம்? தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒழுங்கையில் நிற்கும் கார் ஒரே நாளில் செந்நிறம் பூண்டுவிடுகிறது. காலையில் புறப்படும் அவசரத்தில் வீட்டுக்காரர் பழைய சாரத்தின் துண்டொன்றை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்துவிட்டுப் போகிறார். அரத்தாளால் உரைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. என் தகப்பனார் எண்பதுகளில் தமது மொறிஸ் மைனர் காரை மண்ணெண்ணெய் தொட்ட சீலைத் துண்டால் துடைப்பார். அப்போதைக்கு அபாரமாக மினுங்கும்; மாலைக்குள் தெருப்புழுதி முழுவதும் அந்த எண்ணெய்ப் பசையில் ஒட்டியிருக்கும்; அடுத்த நாள் அதையும் சேர்த்து உரஞ்சுவார். தொண்ணூறுகளில் பெற்றோல் வராமல் மண்ணெண்ணெயிலேயே கார் ஓட்ட வேண்டி வந்தபோதுதான் அந்த வழக்கம் தானாக நின்றது.

ஆகவே கழுவும் முறை சரியாக அமைந்தால் வேலையில் முக்காற்பங்கு முடிந்ததாகக் கொள்ளலாம். காலை ஆறு மணியளவில், தகரம் குளிர்ந்திருக்கும்போது, நிழலில் தொடங்க வேண்டும். வெயிலில் நின்ற காரின் மேல் நீரூற்றினால் நுரை காய்ந்து கறையாகிவிடும். சில்லுகளை முதலில் முடித்துவிடுவது நல்லது, ஏனெனில் அவற்றில்தான் பிரேக் தேய்ந்து விழும் இரும்புத் தூளும் தாரும் உண்டு. அவற்றுக்கெனப் பயன்படும் வாளியும் துணியும் உடம்புப் பக்கம் ஒருபோதும் வரக்கூடாது. அதன் பின் ஓஸ் பைப்பால் கூரையிலிருந்து கீழ்நோக்கி நன்றாக நீர் அடித்து, கையால் தொடுமுன்னரே எவ்வளவு மண்ணை இறக்க முடியுமோ அவ்வளவையும் இறக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் காருக்கென விற்கப்படும் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். கழுவும் கையுறையை நுரையில் தோய்த்து ஒரு பகுதியை நேர்கோடாக, அழுத்தாமல் கழுவியதும், வெறும் நீரில் அலசி மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் மீண்டும் நுரையில் தோய்க்க வேண்டும். சாதாரண வாளிப் பஞ்சு இதற்கு உதவாது; அதன் தட்டையான முகத்தில் மணல் சிக்கிக்கொண்டு காரின் மேலேயே உருளும். கதவுகளின் கீழ்ப்பாதியும் பின்பம்பரும் எப்போதும் இறுதியாக வரட்டும்.

தட்டுக் கழுவும் திரவம் போதாதா என்று பலர் கேட்பார்கள். அது கொழுப்பை அகற்றுவதற்காகவே ஆக்கப்பட்டது. முன்னர் பூசிய மெழுகையும் கொழுப்பாகவே கருதி அகற்றிவிடும். பழைய மெழுகைக் கழற்றிப் புதிதாகத் தொடங்க விரும்பும் நாளில் மட்டும் அதற்கு வேலை உண்டு. உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத் தூளை எந்த நாளிலும் பயன்படுத்த வேண்டாம். அதன் காரத்தன்மை கடுமையானது. கரையாத துணிக்கைகளும் அதில் எஞ்சும்.

இனி நமது கிணற்றுக்கு வருகிறேன். சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் தமது கறுப்பு நிறக் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, “சேர், எவ்வளவு கழுவினாலும் அம்மைத் தழும்புபோல வெள்ளைப் புள்ளி கிடக்குது, பெயின்றே பழுதோ?” என்று கேட்டார். பெயின்றில் ஒரு பழுதும் இல்லை. யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் சுண்ணக்கல்லினூடாக ஊறி வருவதால் கல்சியம் இருகாபனேற்று அதிற் கரைந்திருக்கிறது. காரின் மேல் தங்கிய துளி வெயிலில் வற்றும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி, கரையாத கல்சியம் காபனேற்று வெள்ளை வளையமாகப் படிகிறது. கேத்தலின் அடியில் படிவதும் இதுவே. வீட்டில் கேத்தலை எதனாற் சுத்தம் செய்கிறோமோ அதனாலேயே இதையும் எடுக்கலாம். வெள்ளை வினாகிரியையும் நீரையும் சம அளவிற் கலந்து, துணியை அதில் நனைத்து, நிழலில், புள்ளிகளின் மேல் ஒரு நிமிடம் அளவில் ஒற்றி வைத்துவிட்டு உடனே நீரூற்றிக் கழுவினால் புதிய படிவுகள் கரைந்துவிடும். தேசிக்காயைப் பிளந்து நேரே தேய்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். புளியின் செறிவும் தோலின் சொரசொரப்பும் சேர்ந்து வேறொரு தழும்பை உண்டாக்கிவிடும். பல மாதங்கள் வெயிலில் காய்ந்து பூச்சைத் தின்று பள்ளமாகிவிட்ட புள்ளிகள் வினாகிரிக்கு அசையா. அவற்றைப் பொலிஷ் செய்துதான் மட்டமாக்க வேண்டும்.

வருமுன் காப்பது இதைவிட இலகு. கழுவிய பின் காரைத் தானாக உலர விடக்கூடாது. பெரிய மைக்ரோபைபர் துவாய் ஒன்றை ஈரப்பரப்பின் மேல் விரித்து, மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும்; தேய்க்க வேண்டியதே இல்லை. பக்கக் கண்ணாடிகளிலும் கதவுப் பிடிகளிலும் ஒளிந்திருக்கும் நீர் பத்து நிமிடம் கழித்து வழிந்து வரும் என்பதையும் மறக்கலாகாது. இந்தத் துவாய்களைப் பருத்தி உடுப்புகளோடு சேர்த்துத் தோய்த்தால் பஞ்சுத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். உடுப்பை மென்மையாக்கும் திரவம் இட்டால் நீரை உறிஞ்சும் ஆற்றலையே இழந்துவிடும். நான் செய்யும் இன்னொரு காரியத்தையும் சொல்கிறேன். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழையில், ஓட்டுக் கூரை நன்றாகக் கழுவுண்ட பின் வழியும் நீரை ஒரு பீப்பாயில் சேமித்து மூடி வைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். மழைநீரில் சுண்ணாம்பு இல்லாததால் அது வற்றினாலும் வளையம் விடாது. நிறைய நாட்களுக்கு அது காணாது என்பது உண்மைதான். பங்குனி வரை வந்தால் அதிர்ஷ்டம்.

காகத்தின் எச்சமும், மாம்பழக் காலத்தில் வௌவால் இறைக்கும் எச்சமும் பூச்சுக்கு நஞ்சு. வெயிலிற் சூடேறி இளகிய தெளிபூச்சு அமிலத்தன்மையுள்ள எச்சத்தின் கீழ் அரிக்கப்பட்டு, குளிரும்போது அதே வடிவில் இறுகிவிடுகிறது. கண்டவுடன் ஈரத்துணியை ஐந்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, பின் தூக்கி எடுக்க வேண்டும். காய்ந்ததை நகத்தாற் சுரண்டுவது கூடாது. வாகன பூசையன்று முன்மூடியில் வைக்கும் சந்தனமும் குங்குமமும் அப்படியே. பூசைக்கு நான் எதிரானவன் அல்லன். சந்தனம் காய்ந்து வெடிக்கும் வரை வாரக்கணக்கில் விட்டுவிட்டு, பிறகு அதைச் சுரண்டுவதற்கே எதிரானவன். மறுநாட் காலை நனைத்துக் கழுவிவிட்டால் தெய்வக் குற்றம் எதுவும் வந்துவிடாது. பண்ணைப் பாலத்தாலும் ஊர்காவற்றுறைப் பக்கமும் நாளாந்தம் ஓடுவோர் உப்பு நீர்த் திவலைகளுக்காகக் காரின் அடிப்பாகத்தையும் வாரம் ஒருமுறை நீரடித்துக் கழுவ வேண்டும்.

நன்றாகக் கழுவி உலர்த்திய காரின் மேல் ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெறுங்கைக்குத் தெரியாத நெருநெருப்பு அப்போது தெரியும். தண்ணீருக்கும் சவர்க்காரத்துக்கும் அசையாமல் பூச்சிற் பதிந்துவிட்ட இரும்புத் தூள், தார்ப்பொட்டு, மரப்பிசின் முதலியவையே அவை. இவற்றை எடுப்பதற்கு ஒருவகைக் களிக்கட்டி விற்கிறார்கள். அதை உள்ளங்கையளவு தட்டையாக்கி, ஷாம்பு நீரோ அதற்குரிய வழுக்கு நீரோ தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் வழுக்கவிட வேண்டும். அழுக்கேறியதும் மடித்துப் புதிய முகத்தை வெளியே எடுக்க வேண்டும். நிலத்தில் விழுந்த களிக்கட்டியைக் கழுவியும் பயன்படுத்த வேண்டாம்; அது போனது போனதுதான். ஆண்டுக்கு ஓரிரு தடவை இதைச் செய்தாற் போதும்.

பொலிஷும் மெழுகும் ஒன்றென எண்ணுவதாலேயே பலர் ஏமாறுகிறார்கள். மெழுகு கீறலை நிரப்பிச் சில வாரங்கள் மறைக்கும். பொலிஷ் என்பது மிக நுண்ணிய அராவுபொருள். தெளிபூச்சில் ஓரிரண்டு மைக்ரோனைத் தேய்த்து எடுத்து, கீறலின் ஆழத்துக்கு மேற்பரப்பையே இறக்குகிறது. எனவே ஒவ்வொரு பொலிஷும் கைமுதலில் இருந்து எடுக்கும் செலவு. அதை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டி வந்தால் கழுவும் முறையிலேதான் பிழை இருக்கிறது. மிக மென்மையான பொலிஷை எடுத்து, ஒரு முழம் அளவான சதுரத்தில் மட்டும் முதலிற் பரிசோதித்து, அது போதாவிட்டால் மட்டுமே அடுத்த கடுமைக்குப் போக வேண்டும். மெஷின் வாங்குவோர் ஒரே அச்சில் சுழலும் பழைய வகையை விட்டு, சுழன்றுகொண்டே தள்ளாடும் இரட்டை இயக்க வகையை வாங்கட்டும். அது ஓரிடத்தில் சூட்டைக் குவிக்காது. இதை நான் சொல்வதற்குச் சாட்சி என் காரிலேயே இருக்கிறது. ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய ஒற்றைச் சுழல் மெஷினால் முன்மூடியின் விளிம்பை நான்கு விநாடி கூடுதலாகப் பிடித்துவிட்டேன்; நகத்தளவு இடத்தில் தெளிபூச்சும் நிறமும் போய் அடிப்பூச்சின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியது என்ற பாடம் எனக்கு அன்று விளங்கியது. இப்போது அவ்விடங்களில் காகித நாடா ஒட்டாமல் மெஷினைத் தொடுவதில்லை.

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய பழைய கார்களை இன்னும் பேணுவோர் நம் ஊரில் உளர். அவர்களுக்கு ஒரு குறிப்பு. மூலப்பூச்சு உள்ள அக்கார்களிற் தெளிபூச்சு இல்லை, நிறமே மேற்பரப்பு. பொலிஷ் செய்யும்போது துணியில் காரின் நிறம் ஏறும். பயப்பட வேண்டாம், ஆனால் கணக்காக நிறுத்திக்கொள்ள வேண்டும். அண்மையில் கராஜில் நெளிவெடுக்கும் ரிங்கர் வேலை செய்து புதிதாகப் பெயின்ற் அடித்த பகுதிகளுக்கு, பூச்சிலுள்ள கரைப்பான் முற்றாக வெளியேறும் வரை, பூச்சின் வகைக்கேற்பச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை மெழுகு பூசலாகாது.

மெழுகைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சுவையான செய்தி. காருக்குப் பூசும் சிறந்த இயற்கை மெழுகான கர்னோபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து கிடைக்கிறது. நமது பனையைப் போலவே விசிறி ஓலை கொண்ட மரம். வரட்சியில் நீர் ஆவியாகாமல் இருக்க ஓலையின் மேல் தானே மெழுகு சுரந்து வைத்துக்கொள்கிறது. அது உருக 80 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும் என்பதால் நம் வெயிலுக்கும் உருகி ஓடாது. ஆயினும் இங்குள்ள வெயிலிலும் மழையிலும் இரண்டு மாதம் நின்றால் நல்லது. செயற்கைப் பொலிமர்ப் பூச்சுகள் நான்கைந்து மாதம் நிற்கும். எதுவாயினும் மெல்லியதாகப் பூச வேண்டும். தடிப்பாகப் பூசினால் மினுக்கம் கூடாது, துடைக்கும் வேலைதான் கூடும்.

பெருந்தொகை கேட்கும் செரமிக் பூச்சைப் பற்றியும் கேட்கிறார்கள். அது நீரை உருண்டோட வைக்கும், கழுவுவதை இலகுவாக்கும், ஓரிரு ஆண்டுகள் நிலைக்கும், இவை உண்மை. விளம்பரங்களில் வரும் “9எச் வன்மை” என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் ஒரு சோதனையின் அளவு; இரத்தினக் கற்களை அளக்கும் வன்மை அளவோடு அதற்குத் தொடர்பில்லை. மணல் அதையும் கீறும். மேலும், கீறல்களை எடுக்காமல் அதைப் பூசினால் கீறல்களுக்கும் சேர்த்தே ஆண்டுக்கணக்கில் காப்பு வழங்கியதாகும். உறவினர் ஒருவர் புதிதாக எடுத்த காரை ஓரிடத்தில் இப்பூச்சுக்குக் கொடுத்தார். முதலில் கழுவியவர் சில்லு துடைத்த பஞ்சாலேயே கூரையையும் தேய்த்திருந்தார். பணம் கொடுத்துப் பூட்டி வைத்த அந்தச் சிலந்திவலை இன்றும் கூரையில் இருக்கிறது. இடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அப்படிச் செய்யும் இடம் அது ஒன்று மட்டும் அன்று.

ஏனையவற்றைச் சுருக்கமாக முடிக்கிறேன். மஞ்சளாகிப் போன முன்விளக்கு மூடிகளை 1000, 2000, 3000 இலக்க நீர்த்தாள்களால், அதாவது ஈரத்தில் பயன்படும் அரத்தாள்களால், முறையே ஈரத்தில் தேய்த்துப் பொலிஷ் செய்தால் தெளிவு வரும். ஆனால், புறஊதாக் காப்புப் பூச்சு ஒன்றைப் பூசாமல் விட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகும். பற்பசையால் தேய்ப்பதும் இதே குறுகிய கால வித்தைதான். கண்ணாடிகளுக்கு மட்டும் பழைய பத்திரிகைத் தாளை நனைத்துத் துடைக்கலாம், ஆசிரியர் மன்னிக்க வேண்டும். மை இறப்பர் ஓரங்களிற் படாமல் பார்த்துக்கொண்டாற் சரி. உள்ளே தூசி உறிஞ்சியும் ஈரத்துணியுமே போதுமானவை. முன்பலகையில் எண்ணெய்ப் பசையான மினுக்கிகளைப் பூசினால் முன்கண்ணாடியில் அது தெறித்து ஓட்டுநரின் கண்ணை மறைக்கும்.

இவ்வளவு நீரும் எங்கே போகிறது என்பதையும் எழுதாமல் விட முடியாது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் நீரையே குடிக்கிறோம். இங்குள்ள ஆழமான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லுக்குள் எவ்வளவு வெளி உண்டென்பது தெரியும். நிலத்தில் ஊற்றுவது வடிபடாமலே கீழே போகக்கூடிய மண் இது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வீட்டுக் காரின் ஷாம்பு நீர் அந்த அளவினது அன்று என்றாலும், கிணற்றடியிலேயே காரை நிறுத்தி, தாரும் கிறீசும் இரும்புத் தூளும் கலந்த நீரைக் கிணற்றுக்கட்டின் ஓரமாக ஓடவிடுவதைப் பல வளவுகளில் இன்றும் காண்கிறேன். நீர் அள்ளும் தூரம் குறைவு என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

என் வளவில் கார் கழுவும் இடம் கிணற்றுக்கு எதிர்மூலையில், தெருப்படலையோரம் இருக்கிறது. அங்கே ஓஸ் பைப் முழுமையாக எட்டாது. ஆகவே இரண்டு வாளி என்று மேலே நான் இலகுவாக எழுதியது உண்மையில் ஆறு நடை. அதில் நான்கை முழங்கால் நோகாத நாட்களில் நான் நடக்கிறேன், மிகுதியைப் பேரன் நடக்கிறான்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோப்பாய்.